பரவும் தடிப்பும் கறுத்தப் பொருக்கும்: லைம் நோய், உண்ணிக்கடி பற்றி வன்னியில் கேட்கப்படும் கேள்விகள்

ஆடி, ஆவணியில் கனடா, சுவிஸ், ஜேர்மனி, நோர்வே, லண்டன் என்று எங்கும் இருந்து உறவுகள் வன்னிக்கு வருகிறார்கள். வந்த சில நாளில் ஒருவருக்குத் தொடையிலோ முதுகிலோ வட்டமான ஒரு தடிப்புத் தெரிகிறது. அதே நாட்களில் இங்கே பற்றைக் காணி துப்பரவாக்கியவருக்குக் காய்ச்சல் விடாமல் அடிக்கிறது. இரண்டுக்கும் "உண்ணி கடித்தது" என்றே வீட்டில் சொல்வார்கள். நோய்கள் வேறு, பார்க்க வேண்டிய அடையாளங்கள் வேறு, பிழையாக எடுத்தால் வரும் ஆபத்தும் வேறு.

வன்னியில் உண்ணி கடித்தால் லைம் நோய் வருமா?

லைம் நோயை உண்டாக்குவது பொறெலியா என்ற சுருள் வடிவப் பற்றீரியா. அதைக் காவுவது இக்சோடெஸ் இனத்தில் சில உண்ணிகள் மட்டும். அவை வட அமெரிக்கா, ஐரோப்பா, வட ஆசியா ஆகிய இடங்களின் குளிர்ந்த, ஈரமான காடுகளிலும் புல்வெளிகளிலும் வாழ்கின்றன. எங்கள் மாட்டுண்ணியும் நாயுண்ணியும் ரிப்பிசெபாலஸ் என்ற வேறு இனம். அவை இந்த நோயைப் பரப்புவதில்லை. இலங்கையில் லைம் நிலைகொண்ட நோயாக அறியப்படவில்லை. ஆகவே நாட்டை விட்டு வெளியே போகாத ஒருவரின் வட்டத் தடிப்புக்கு முதலில் வேறு காரணங்களைத்தான் தேட வேண்டும்.

அதற்காக இங்கத்தைக் கடியைச் சாதாரணமாக எடுக்கக்கூடாது. பற்றையில் இருக்கும் சிற்றுண்ணி பரப்பும் உண்ணிக்காய்ச்சல் பற்றிக் கீழே விரிவாக இருக்கிறது.

அப்படியென்றால் வன்னியில் இருப்பவர் ஏன் லைம் தடிப்பை அறிந்திருக்க வேண்டும்?

கடித்து 3 முதல் 30 நாளுக்குள்தான் தடிப்பு வெளிப்படும். பெரும்பாலும் ஏழாம் நாள் அளவில். இளம் உண்ணிகள் அதிகம் கடிப்பது மே முதல் ஜூலை வரை. கனடாவில் ஸ்காபரோவின் ரூஜ் பள்ளத்தாக்கில் ஜூன் கடைசியில் நடந்து திரிந்த பிள்ளை, ஜூலையில் நெடுங்கேணியில் அம்மம்மா வீட்டில் நிற்கும்போது தடிப்பு வரலாம். ரூஜ் பள்ளத்தாக்கு லைம் உண்ணி உள்ள இடமாக அறியப்பட்டது. தெற்கு ஜேர்மனி, சுவிற்சர்லாந்து, நோர்வேயின் தெற்குக் கரையோரம், ஸ்கொட்லாந்து மலைப்பகுதி, இங்கிலாந்தின் நியூ ஃபொரஸ்ட் ஆகியவையும் அப்படித்தான்.

இங்கே வெளிநோயாளர் பிரிவில் இருக்கும் டொக்டர் தன் வாழ்நாளில் லைம் தடிப்பைக் கண்டிருக்கவே மாட்டார் என்பது நடக்கக்கூடியது. எந்த நாட்டில் இருந்து எந்தத் திகதி வந்தீர்கள், காட்டிலோ உயரப் புல்லிலோ திரிந்தீர்களா என்பதை அவர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே முதல் வசனத்தில் சொல்லுங்கள். அந்த ஒரு வசனம் இல்லாவிட்டால் படர்தாமரைக்குக் கிறீம் தந்து அனுப்புவதில் அவரைக் குறை சொல்ல முடியாது.

லைம் தடிப்பு எப்படி இருக்கும்?

கடித்த இடத்தில் ஒரு சிறு புள்ளியாகத் தொடங்கி, நாளுக்கு நாள் வெளிநோக்கிப் பரவும். 5 சென்ரிமீற்றரை எட்டினால் அல்லது தாண்டினால் டொக்டர்கள் அதை லைம் தடிப்பு என்று கருதத் தொடங்குவார்கள். விட்டால் 30 சென்ரிமீற்றர் வரைக்கும், அதற்கு மேலும்கூடப் போகும். தொட்டால் இளஞ்சூடாக இருக்கும். பெரும்பாலும் நோகாது, கடிக்காது, சொறியத் தூண்டாது. மேல்தோல் உரியாது, செதிள் எழும்பாது.

இணையத்தில் தேடினால் நடுவில் ஒரு புள்ளி, சுற்றி வெளிறிய வளையம், அதற்கு வெளியே சிவந்த வளையம் என்ற படம்தான் முதலில் வரும். அந்தப் படம் நிறையப் பேரை ஏமாற்றியிருக்கிறது. வட அமெரிக்காவில் வரும் தடிப்புகளில் கூடியளவு வளையமே இல்லாமல் முழுவதும் ஒரே நிறமாகத்தான் இருக்கும். நடு வெளிறுவது ஐரோப்பாவில் சற்றுக் கூட. சிலருக்கு நடுப்பகுதி கருநீலமாகும், சிலருக்கு நடுவில் சிறு நீர்க்கொப்புளம் வரும். முட்டை வடிவத்திலோ முக்கோணத்திலோ வந்தாலும் அது லைம் தடிப்பாக இருக்கலாம். வளையம் இல்லை என்ற காரணத்துக்காகத் தள்ளிவிட வேண்டாம். பரவுகிறதா என்பதுதான் கேள்வி.

தடிப்போடு உடம்பு உளைவு, களைப்பு, தலையிடி, இலேசான காய்ச்சல், அருகில் நெறி கட்டுதல் வரலாம். தடிமன், இருமல் இல்லாமல் கோடைகாலத்தில் சளிக்காய்ச்சல் மாதிரி வருவது கவனிக்க வேண்டிய அறிகுறி. உடம்பின் பல இடங்களில் ஒரே நேரத்தில் தடிப்புகள் வந்தால், பல உண்ணி கடித்தது என்று எடுக்காதீர்கள். கிருமி இரத்தத்தில் பரவிவிட்டது என்பதற்கே அது பெரும்பாலும் அடையாளம்.

எங்கள் கறுத்தத் தோலில் அந்தச் சிவப்புத் தெரியுமா?

பல நேரம் தெரியாது. பாடநூல் படங்களில் பெரும்பாலானவை வெள்ளைத் தோலில் எடுத்தவை. எங்கள் தோலில் இந்தத் தடிப்பு கருஞ்சிவப்பாக, ஊதாவாக, மண்ணிறமாக, அல்லது அடிபட்டுக் கண்டிய இடம் போல இருக்கும். கறுத்தத் தோல் உள்ளவர்களில் இந்த நோய் பிந்திக் கண்டுபிடிக்கப்படுவது அமெரிக்காவில் பதிவான விடயம். முதற்கட்டத் தடிப்பைத் தவறவிட்டு, மூட்டு வீக்கம் வந்த பிறகுதான் பலர் டொக்டரிடம் வருகிறார்கள்.

ஆகவே நிறத்தை விட்டு மற்றதைப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில், யன்னலுக்குப் பக்கவாட்டாக நின்று பார்த்தால் விளிம்பு தெரியும். நேரே அடிக்கும் ரோச் லைற்றில் மறைந்துவிடும். புறங்கையால் தடிப்பையும் பிறகு மற்றக் காலின் அதே இடத்தையும் தொட்டுச் சூட்டை ஒப்பிடுங்கள். போல்பொயின்ற் பேனையால் விளிம்பைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் திகதியும் நேரமும் எழுதுங்கள். பள்ளிக்கூட அடிமட்டத்தை ஒட்டிப் பிடித்துப் படம் எடுங்கள், ஃபிளாஷ் போடாமல். மறுநாள் அதே நேரம், அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் இன்னொரு படம். குறுக்களவை எழுதி வையுங்கள். தடிப்புக் கோட்டைத் தாண்டியிருந்தால் அதுவே டொக்டருக்குப் போதுமான தகவல். ஒன்று: இந்தக் கணக்குக்காக நாலைந்து நாள் வீட்டில் இருக்க வேண்டாம். லைம் உள்ள நாட்டில் இருந்து வந்தவருக்கு ஏற்கனவே 5 சென்ரிமீற்றர் இருந்தால் அன்றே போங்கள்.

உண்ணி கடித்ததாக நினைவே இல்லையே?

தடிப்போடு வருகிறவர்களில் நிறையப் பேர் இதைத்தான் சொல்வார்கள். இளம் உண்ணி 1 முதல் 2 மில்லிமீற்றர், கடுகளவுக்குள் அடங்கும். வளர்ந்த பெண் உண்ணிகூட இரத்தம் குடிக்கமுன் எள்ளளவுதான். கடிக்கும்போது நோகாது. தொடைச்சந்து, கமக்கட்டு, முழங்காலின் பின்மடிப்பு, நாரியில் உள்ளாடை இறுகும் இடம், மார்பின் கீழ்மடிப்பு, தொப்புள் ஆகிய இடங்களைத் தேடி ஒட்டும். சிறு பிள்ளைகளுக்குத் தலைமயிரின் ஓரம், காதின் பின்புறம், பிடரி. ஐரோப்பாவில் இருந்து வந்த பிள்ளையின் காதுமடலின் கீழ்நுனி நீலம்பாரித்து வீங்கியிருந்தால் அதையும் காட்ட வேண்டும். அது லைமின் இன்னொரு தோல் அடையாளம்.

கடித்த மறுநாளே சிவந்துவிட்டது. அதுவும் லைமா?

பெரும்பாலும் இல்லை. உண்ணியின் உமிழ்நீருக்குத் தோல் காட்டும் எதிர்ப்பு முதல் 24 முதல் 48 மணித்தியாலத்துக்குள் வரும், 5 சென்ரிமீற்றருக்குள் நிற்கும், கடிக்கும், ஓரிரு நாளில் வாடும். கோடு போட்டு வையுங்கள். வாடினால் விட்டுவிடலாம். வாடிய இடத்திலேயே ஒரு கிழமை கழித்துத் திரும்ப எழும்பிப் பரவினால் அது வேறு கதை.

படர்தாமரைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

படர்தாமரையின் வெளி விளிம்பு எழும்பியிருக்கும், விளிம்பில் செதிள் இருக்கும், நன்றாகக் கடிக்கும், வளர்வதற்குக் கிழமைக்கணக்கு எடுக்கும். நகத்தால் மெல்லச் சுரண்டினால் வெள்ளைப் பொடி வரும். லைம் தடிப்பு வழவழப்பாக இருக்கும். சுரண்டினால் ஒன்றும் வராது.

தோலடியில் கிருமி தொற்றி வீங்குவதென்றால் நோவு கடுமையாக இருக்கும், சில மணித்தியாலங்களில் பரவும், தோல் இறுகிப் பளபளக்கும். பயறு, இறால், மருந்து ஒவ்வாமையால் எழும்பும் தடிப்பு ஒரு இடத்தில் 24 மணித்தியாலம் நிற்காது. காலையில் கையில், பின்னேரம் வயிற்றில் என்று இடம் மாறும். ஒரே மருந்தைக் குடிக்கும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் கருவட்டம் வந்தால் அந்த மருந்துதான் காரணம்.

வன்னியில் மறக்கக்கூடாதது தொழுநோய்த் தேமல். வெளிறிய அல்லது செம்பு நிறத் தேமலைக் கண்ணை மூடச்சொல்லி பஞ்சு நுனியால் தொடுங்கள். தொட்டது தெரியவில்லை என்றால் தோல்நோய்ச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். மருந்து இலவசம், முற்றாக மாறும்.

இரத்தப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்தலாமா?

தடிப்பு இருக்கும் நாட்களில் இரத்தப் பரிசோதனை பெரும்பாலும் உதவாது. அது தேடுவது கிருமியை அல்ல, கிருமிக்கு எதிராக உடம்பு செய்யும் பிறபொருளெதிரியை. அது அளக்கக்கூடிய அளவுக்கு வரச் சில கிழமைகள் வேண்டும். தடிப்பு வந்த முதற் கிழமையில் எடுத்த இரத்தத்தில் "இல்லை" என்று வருவது வழமை, நோய் இருந்தும்கூட. அந்தத் தாளை நம்பி மருந்தை நிறுத்தியதால் நோய் உள்ளே போனவர்கள் உண்டு.

அதனால்தான் லைம் உள்ள இடத்தில் இருந்து வந்தவருக்கு மேலே சொன்ன அடையாளங்களோடு தடிப்பு இருந்தால், பரிசோதனை இல்லாமலே மருந்து தொடங்க வேண்டும் என்று அமெரிக்க, பிரித்தானிய வழிகாட்டல்கள் இரண்டும் சொல்கின்றன. கண்ணால் பார்ப்பதும் பயண விபரமும்தான் நோயறிதல். தடிப்புச் சந்தேகமாக இருந்தால் மட்டும் இப்போது ஒரு மாதிரி, இரண்டு மூன்று கிழமை கழித்து இன்னொரு மாதிரி எடுத்து ஒப்பிடுவார்கள். பரிசோதனை இரண்டு படி: முதலில் எலைசா என்ற பிறபொருளெதிரிப் பரிசோதனை, அதில் ஆம் அல்லது ஐயம் என்றால் இரண்டாவது பரிசோதனை. முதற்படியை மட்டும் வைத்து முடிவெடுக்கக்கூடாது.

எங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. எலிக்காய்ச்சல் கிருமியும் சுருள் வடிவப் பற்றீரியாதான். எலிக்காய்ச்சலோ சிபிலிஸ் என்ற பாலியல் நோயோ வந்தவரின் இரத்தம் லைம் எலைசாவில் பொய்யாக "ஆம்" காட்டலாம். வயலில் இறங்கும் ஒருவர், வெளிநாடு போகாதவர், தனியார் ஆய்வுகூடத்தில் காசு கொடுத்து லைம் பரிசோதனை செய்து "ஆம்" என்று வாங்கி வந்தால் அந்தத் தாளுக்குப் பெறுமதி குறைவு.

தடிப்பு வந்த உடனே மருந்து குடித்தவருக்குப் பிறகும் பரிசோதனை "இல்லை" என்றே வரலாம். மறுபுறம், ஒருமுறை "ஆம்" என்றால் மாறிய பின்னும் வருடக்கணக்கில் அப்படியே நிற்கும். குணமானதா என்று பார்க்க இந்தப் பரிசோதனை உதவாது.

என்ன மருந்து, எத்தனை நாள்?

டொக்டர் எழுதித் தரும் மருந்து இதுவாக இருக்கும் என்று அறிந்துகொள்ளவே இந்த விபரம். பாமசியில் கேட்டு வாங்க அல்ல.

பெரியவர்களுக்கு டொக்சிசைக்கிளின் 100 மில்லிகிராம், நாளுக்கு இருமுறை. அமெரிக்க வழிகாட்டல் 10 நாள் என்கிறது, பிரித்தானிய வழிகாட்டல் 21 நாள். மருந்தைத் தொடங்கியவர் கனடாவுக்கோ லண்டனுக்கோ திரும்பும்போது நாட்கணக்கு மாறினால் குழம்ப வேண்டாம். குடித்த திகதிகளை எழுதிக் கொண்டுபோங்கள். கர்ப்பிணிக்கு அமொக்சிசிலின் 500 மில்லிகிராம், நாளுக்கு மூன்று முறை, 14 நாள் அல்லது கூட. பிள்ளைகளுக்கு நிறையைப் பார்த்துத்தான் அளவு.

தோலடித் தொற்று என்று நினைத்து செஃபலெக்சின் கொடுப்பது அடிக்கடி நடக்கும் பிழை. அது லைம் கிருமிக்கு வேலை செய்யாது. குளிசை குடித்தும் தடிப்புத் தொடர்ந்து பரவுகிறதென்றால் நோயின் பெயரையே திரும்ப யோசிக்க வேண்டும்.

டொக்சிசைக்கிளினைச் சாப்பாட்டோடு, ஒரு பெரிய குவளை தண்ணீரோடு விழுங்குங்கள். அரை மணித்தியாலம் படுக்க வேண்டாம், தொண்டைக்குழாய் புண்ணாகும். பால்மாத் தேத்தண்ணி, தயிர், இரும்புக் குளிசை, கல்சியம் குளிசை இவற்றை இரண்டு மணித்தியாலம் தள்ளி எடுங்கள். அவை மருந்தை உறிஞ்ச விடாது. இந்த மருந்தோடு வன்னி வெயிலில் நின்றால் தோல் எரிந்து போகும். நீளக்கைச் சட்டையும் தொப்பியும் போடுங்கள்.

மருந்து தொடங்கிய முதல் நாளில் சிலருக்குக் காய்ச்சலும் நடுக்கமும் கூடும். கிருமி சாவதால் வருவது. ஒரு நாளில் அடங்கும். ஒவ்வாமை என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள். மூச்சு இழுத்தால், முகம் வீங்கினால் மட்டும் உடனே ஆஸ்பத்திரி.

வயல் வேலைக்குத் தந்த டொக்சிசைக்கிளின் மிச்சம் இருக்கிறது. அதைக் குடிக்கலாமா?

வேண்டாம். எலிக்காய்ச்சல் தடுப்புக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தருவது கிழமைக்கு ஒருமுறை 200 மில்லிகிராம். லைமுக்கோ உண்ணிக்காய்ச்சலுக்கோ அந்த அளவு போதாது. இரண்டு குளிசை போட்டுக் காய்ச்சலை அரைகுறையாக அமத்தினால் டொக்டர் பார்க்கும்போது அடையாளம் மங்கிப் போயிருக்கும்.

பெற்றாமெதசோன் போன்ற ஸ்ரெரோயிட் கிறீம் பூசுவதும் அதே பிழை. சிவப்பு இறங்கும், நோய் இறங்காது. அது படர்தாமரையாக இருந்தால் இன்னும் மோசம், விளிம்பு அழிந்து உடம்பெல்லாம் பரவும்.

வன்னியை விட்டுப் போகாதவருக்குக் காய்ச்சல், உடம்பில் ஒரு கறுத்தப் பொருக்கு. அது என்ன?

உண்ணிக்காய்ச்சல் என்று எடுத்து அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இதைப் பரப்புவது மாட்டில் ஒட்டும் உண்ணி அல்ல. பற்றையிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியின் குஞ்சு. நெடுங்காலம் மண்டிக்கிடந்த காணி, குளக்கட்டு ஓரம், வரம்புப் புல், விறகுக் காடு, எலி கூடியிருக்கும் இடம் எல்லாம் அதற்கு வீடு. கடித்து 6 முதல் 21 நாளில் காய்ச்சல் வரும். கடுந்தலையிடி, கண் சிவத்தல், உடம்பு நோவு, நெறி கட்டுதல்.

கடித்த இடம் முதலில் சிறு பருவாகி, பிறகு கறுத்துக் காய்ந்து, சிவந்த ஓரத்தோடு சிகரெட்டால் சுட்ட புண் போல நிற்கும். ஒரு சென்ரிமீற்றர் அளவு. நோகாது, கடிக்காது, ஆகவே நோயாளிக்கே தெரியாது. இருக்கும் இடங்கள் மறைவானவை: கமக்கட்டு, தொடைச்சந்து, விதைப்பை, மார்பின் கீழ், சாரம் கட்டும் இடம், பிட்டத்தின் இடுக்கு, தொப்புள், தலைமயிருக்குள். ஈரமான மடிப்பில் பொருக்குக் கறுக்காது; மஞ்சள் நிறத்தில் ஊறிய புண்ணாக இருக்கும். வெட்கப்பட்டு முழுதாகக் காட்டாததால் தவறிப்போவது நிறைய. பெண்களுக்கு வீட்டில் அம்மாவோ அக்காவோ பார்த்துவிட்டு, "இந்த இடத்தில் இருக்கு" என்று டொக்டரிடம் சொல்லலாம். பொருக்கு இல்லை என்றாலும் நோய் இல்லை என்று ஆகாது. பலருக்கு அது வராமலே காய்ச்சல் வரும்.

லைமில் பரவும் தடிப்பு. இதில் பரவாத கறுத்தப் பொருக்கு. லைமில் காய்ச்சல் இலேசு அல்லது இல்லை. இதில் காய்ச்சல்தான் முன்னுக்கு நிற்கும். லைமுக்கு வேலை செய்யும் அமொக்சிசிலின் இதற்கு வேலை செய்யாது. ஊசியாகப் போடும் செஃப்ரையக்சோனும் செய்யாது. டொக்சிசைக்கிளின் 100 மில்லிகிராம் இருமுறை, 7 நாள், கர்ப்பிணிக்கு அசித்ரோமைசின். சரியான மருந்தென்றால் பெரும்பாலும் 48 மணித்தியாலத்தில் காய்ச்சல் இறங்கும். பரிசோதனை முடிவு வரும்வரை மருந்தைப் பிற்போடக்கூடாது. பிந்தினால் நுரையீரல், சிறுநீரகம், மூளை பாதிக்கப்படும், உயிரும் போகும். லைம் தடிப்பில் ஓரிரு நாள் பிந்தினால் பெரிய கேடு இல்லை, இதில் உண்டு.

டெங்கு, எலிக்காய்ச்சல் இரண்டையும் டொக்டர் சேர்த்துப் பார்ப்பார். என்ன காய்ச்சல் என்று தெரியும்வரை பரசிற்றமோல் மட்டும். புரூபன், அஸ்பிரின் தொட வேண்டாம்.

ஒட்டியிருக்கும் உண்ணியை எப்படிக் கழற்றுவது?

நுனி ஒடுங்கிய டுவீசரால், தோலோடு ஒட்டினாற்போல் தலைப்பக்கத்தைப் பிடித்து, நேரே மேல்நோக்கி ஒரே சீராக இழுங்கள். திருகவோ வெடுக்கென்று இழுக்கவோ வேண்டாம். வயிற்றை நசித்தால் உள்ளே இருப்பது காயத்துக்குள் போகும். வாய் நுனி தோலுக்குள் முறிந்து நின்றால் தோண்டாதீர்கள், தானாக வெளிவரும். சவர்க்காரத்தால் கழுவுங்கள்.

மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, புகையிலைச் சாறு, கொள்ளிக்கட்டை எதுவும் வேண்டாம். அவை உண்ணியைக் கழற்றுவதைப் பிந்தவைக்கும், அது கக்கவும் செய்யும். நகத்தில் வைத்து நசிப்பதும் கூடாது. வெளிநாட்டில் கடித்த உண்ணியென்றால் ஒட்டுநாடாவில் ஒட்டி, கழற்றிய திகதியை எழுதி வையுங்கள்.

காதுக்குள் உண்ணி போயிருந்தால் வீட்டில் கிண்டவே வேண்டாம். செவிப்பறை கிழியும். காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் கருவி கொண்டு எடுப்பார்கள்.

கடித்தவுடன் ஒரே ஒரு தடுப்புக் குளிசை போடலாமாமே?

லைம் மலிந்த வட அமெரிக்கப் பகுதிகளில், இக்சோடெஸ் உண்ணி 36 மணித்தியாலம் அல்லது கூட ஒட்டியிருந்து, கழற்றி 72 மணித்தியாலம் கடக்கவில்லை என்றால் டொக்சிசைக்கிளின் 200 மில்லிகிராம் ஒரு தரம் கொடுப்பார்கள். கனடாவின் ஒன்ராறியோவில் 2023 ஜனவரியில் இருந்து மருந்தாளரே இதை எழுதலாம். வன்னி உண்ணிக்கடிக்கு இது தேவையில்லை.

தடிப்புத் தானாக மறைந்துவிட்டது. இனிப் பயமில்லைத்தானே?

மருந்து இல்லாமலும் சில கிழமையில் தடிப்பு மறையும். கிருமி மறைவதில்லை. கிழமைகள், மாதங்கள் கழித்து முகத்தின் ஒரு பக்கம் கோணலாம், இதயத்துடிப்புத் தவறலாம், முழங்கால் வீங்கலாம். மறைந்த தடிப்பின் படம் போனில் இருந்தால் அதைக் காட்டுங்கள். இந்தக் கட்டத்தில் இரத்தப் பரிசோதனைக்குப் பெறுமதி உண்டு.

எப்போது ஒரு நிமிடமும் பிந்தக்கூடாது?

காய்ச்சலோடு மூச்சு எடுக்கக் கஷ்டம், கதை குழறுதல், பிடரி விறைத்தல், சிறுநீர் குறைதல், கைகால் குளிர்ந்து விறைத்தல், தடிப்பு வந்த கிழமைகளில் மயங்கி விழுதல் அல்லது நெஞ்சு படபடத்தல் என்றால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள், கட்டணம் இல்லை. வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் எது கிட்டவோ அங்கே. போகும்போது ஒரு துண்டில் எழுதிக் கொண்டுபோங்கள்: காய்ச்சல் தொடங்கிய திகதி, கடைசியாகப் பற்றையிலோ காட்டிலோ நின்ற திகதியும் இடமும், வெளிநாடு போய்வந்த திகதி, குடித்த எல்லாக் குளிசைகளின் பெயர், ஒவ்வாத மருந்து, கர்ப்பமா என்பது.